வீடுகள் சுமந்த வழி: பிதசோவா ஆற்றங்கரையில் ஒரு போர்க்கால நடைபாதை

பிரனீசு மலைத்தொடர் அட்லாண்டிக் கடலோரமாகத் தாழ்ந்து முடியும் இடத்தில், பிரான்சின் தென்மேற்கு மூலையில், சேன்-ழான்-த-லூஸ் என்னும் மீன்பிடித் துறைமுக நகரம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் அதன் சுற்றுவட்டாரத்தில் ஒரு கூட்டம் நடைப்பயணத்திற்குத் திரள்கிறது. பெல்ஜியத்திலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருவோர் உள்ளூர்ப் பாஸ்க் மக்களோடு சேர்ந்து சிபூர், உருன்யா ஆகிய ஊர்களைக் கடந்து மலையேறுகின்றனர். பிதசோவா ஆற்றை அடைகின்றனர். மறுகரையில் ஸ்பெயினின் எல்லைக்குள் மீண்டும் ஒரு மலையேறி, ஒயார்ட்சுன் பள்ளத்தாக்கில் உள்ள சரோபே என்னும் பண்ணைவீட்டுப் பக்கம் இறங்குகின்றனர். இரண்டாம் உலகப்போரின்போது நாத்சி ஆக்கிரமிப்பிலிருந்த ஐரோப்பாவில் சுட்டு வீழ்த்தப்பட்ட நேசநாட்டு விமானிகள் தப்பிச் சென்ற வழி இது. இதனை இயக்கிய மறைவு அமைப்பின் பெயர் ‘கோமெட்’, அதாவது வால்மீன்.

கோமெட் அமைப்பின் வழியாகப் பிரனீசைக் கடந்த விமானிகளின் எண்ணிக்கை 288. இந்த எண் நினைவுரைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. தப்பியவர்கள் ஊர் திரும்பினார்கள், நூல்கள் எழுதினார்கள், பேட்டி கொடுத்தார்கள். அவர்களைத் தங்கவைத்த வீடுகளின் கதை அவ்வளவு எளிதாக எழுத்தில் ஏறவில்லை. ஆனால் வழித்தடத்தில் நடந்து பார்த்தால் நிற்க வேண்டிய இடங்கள் எல்லாம் வீடுகளாகவே இருக்கின்றன. இந்தப் போராட்டத்தை நடத்தியவை அடுக்களைகளும் தொழுவங்களும்தாம். அதற்கான விலையைக் கொடுத்தவையும் அவையே.

விமானிகள் ஏன் இவ்வளவு முக்கியம்?

1940 மே, ஜூன் மாதங்களில் பெல்ஜியமும் பிரான்சும் ஜெர்மனியிடம் வீழ்ந்தன. டன்கர்க் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் படை கப்பலேறியபோது எல்லோரும் தப்பிவிடவில்லை. பின்தங்கிய வீரர்கள் பலர் பெல்ஜிய, பிரெஞ்சுக் குடும்பங்களின் வீடுகளில் ஒளிந்து வாழ்ந்தனர். மறைவு வழிகள் முதலில் இவர்களுக்காகவே உருவாயின. பிறகு போரின் தன்மை மாறியது. பிரிட்டனிலிருந்து ஜெர்மானிய நகரங்களைத் தாக்கப் புறப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் பெரும்பாலும் நெதர்லாந்து, பெல்ஜியம், வடபிரான்சு ஆகியவற்றின் வான்வெளியைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. அங்கே வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து பாராசூட்டில் குதித்தவர்கள் பீட்ரூட் வயல்களிலும் காடுகளிலும் இறங்கினார்கள்.

ஒரு விமானியைப் பயிற்றுவித்து முடிக்க நீண்ட காலமும் பெரும்பொருளும் தேவைப்பட்டன. ஆகவே இழந்த ஒருவர் திரும்பிவருவது படைக்குப் பெரிய லாபம். அதைவிடப் பெரிது, அவரைப் பார்க்கும் மற்றவர்கள் பெறும் நம்பிக்கை: விழுந்தாலும் திரும்ப முடியும் என்னும் எண்ணம். பிரிட்டன் 1939 டிசம்பரிலேயே எம்.ஐ.9 என்னும் இரகசியப் பிரிவை இதற்காக நிறுவியிருந்தது. பட்டுத்துணியில் அச்சிட்ட வரைபடம், சிறு திசைகாட்டி, வெளிநாட்டுப் பணம் ஆகியவற்றை விமானிகளுக்குக் கொடுத்தனுப்பியது இப்பிரிவுதான். ஆயினும் மொழி தெரியாத ஊரில் ஒரு வரைபடம் எத்தனை நாளைக்குத் துணை நிற்கும்? யாரேனும் கதவைத் திறந்து உள்ளே அழைக்க வேண்டும்.

24 வயதுப் பெண்ணும் பில்பாவோ தூதரகமும்

அந்த்ரே த யோங் 1916இல் பிரசல்சு நகரை ஒட்டிய ஸ்கார்பேக்கில் பிறந்தவர். தந்தை ஃப்ரெதெரிக் பள்ளித் தலைமையாசிரியர். முதல் உலகப்போரில் நேசநாட்டு வீரர்கள் தப்ப உதவியதற்காக 1915 அக்டோபர் 12 அன்று ஜெர்மானியரால் சுட்டுக்கொல்லப்பட்ட ஆங்கிலச் செவிலி எடித் கேவல், இதே ஸ்கார்பேக்கின் துப்பாக்கிச் சுடுதளத்தில்தான் உயிர்விட்டார். கேவலின் கதையைக் கேட்டு வளர்ந்த அந்த்ரே, ஓவியமும் விளம்பர வரைகலையும் கற்றவர்; போர் வந்தபின் செஞ்சிலுவைப் பணியில் காயமுற்ற வீரர்களைக் கவனித்தார்.

1941இல் அவரும் அர்னால்ட் தெப்பே என்பவரும் சேர்ந்து ஒரு வழியைத் திட்டமிட்டனர். தெப்பே போருக்கு முன் சேன்-ழான்-த-லூஸ் பகுதியில் பணியாற்றியவர். அங்குள்ள மலையையும் மனிதர்களையும் ஓரளவு அறிந்தவர். முதற்பயணத்தில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள் ஸ்பெயினுக்குள் சென்றபின் அந்நாட்டுக் காவலரிடம் சிக்கினர். எல்லையைக் கடந்தால் மட்டும் போதாது, மறுபுறத்தில் கைநீட்டிப் பெற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. ஸ்பெயின் பெயரளவில் நடுநிலை நாடு. பிராங்கோவின் ஆட்சியோ ஜெர்மனிபால் சாய்ந்திருந்தது. பிடிபட்ட அந்நியர்கள் மிராந்தா த எப்ரோ முகாமில் அடைக்கப்பட்டனர்.

1941 ஆகஸ்டில் அந்த்ரே ஒரு பிரிட்டிஷ் வீரரையும் இரு பெல்ஜியரையும் அழைத்துக்கொண்டு, தாமே மலையைக் கடந்து, பில்பாவோ நகரத்துப் பிரிட்டிஷ் தூதரக அலுவலகத்தின் முன் போய் நின்றார். பிரசல்சிலிருந்து இந்த இளம்பெண் இவர்களை நடத்திவந்தார் என்பதை அதிகாரிகளால் உடனே நம்ப முடியவில்லை. ஜெர்மானிய உளவாளியோ என்னும் ஐயமும் எழுந்தது. அவர் கேட்டது பயணச் செலவுக்கும் மலை வழிகாட்டிகளின் கூலிக்குமான பணம் மட்டுமே. வழித்தடத்தை நடத்தும் பொறுப்பு பெல்ஜியரிடமே இருக்கும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து ஒப்புதல் கிடைத்தது. இதற்கிடையே தெப்பே பிரான்சில் கைதாகிவிட்டார்; போர் முடியும்வரை அவர் வதைமுகாம்களில் இருந்தார். அமைப்பு பிறந்த ஆண்டிலேயே அதன் நிறுவனர் இருவரில் ஒருவரை இழந்துவிட்டது.

‘போரிடு, ஆனால் தாக்காதே’ என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் கோமெட்டின் குறிக்கோளுரை ஆயிற்று. இந்த அமைப்பினர் பாலங்களைத் தகர்க்கவில்லை, துப்பாக்கியும் ஏந்தவில்லை. ஆட்களைக் காப்பாற்றி அனுப்புவது ஒன்றே அவர்கள் பணி.

சட்டம் வகுத்த வேறுபாடு

ஒரு விமானியை ஒளித்துவைப்பது என்பது நடைமுறையில் என்ன? உணவு அட்டைக்கு அளந்து கொடுக்கப்பட்ட காலத்தில் கூடுதலாக ஒரு வயிற்றுக்குச் சோறு தேடுவது. ஆறடி உயர அமெரிக்கருக்குப் பொருந்தும் கோட்டையும் காலணியையும் அக்கம்பக்கத்தில் ஐயம் எழாமல் திரட்டுவது. அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுப்பது, முத்திரை பெறுவது. வந்தவர் உண்மையில் விமானிதானா, வேடமிட்ட ஜெர்மானியரா என்று கேள்விகள் கேட்டுத் தெளிவது. பிறகு அவருடைய பழக்கங்களை மாற்றுவது: முள்கரண்டியைப் பிடிக்கும் கை, சிகரெட்டைப் பிடிக்கும் விதம், சட்டைப் பைக்குள் கைவிட்டு நடக்கும் நடை, சூயிங்கம் மெல்லும் வாய். ஒவ்வொன்றும் ஒரு மொழியைப் போல ஆளைக் காட்டிக்கொடுக்கும். மொழியோ அதைவிட விரைவாகக் காட்டிக்கொடுக்கும். ஆகவே இரயிலில் தூங்குவதுபோல் நடிக்க வேண்டும், செய்தித்தாளுக்குப் பின் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அழைத்துச்செல்லும் பெண்ணைச் சற்றுத் தொலைவிலிருந்து பின்தொடர வேண்டும். அமைப்பின் பேச்சில் இவர்களுக்குப் ‘பொட்டலங்கள்’ என்று பெயர்.

இந்த வேலைகளில் பெரும்பகுதி வீட்டு வேலையின் நீட்சி. கோமெட்டில் பங்கெடுத்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சந்தைக் கூடையோடு போகும் பெண்மீதும், பள்ளிச் சிறுமியைப் போன்ற தோற்றமுடையவர்மீதும் காவலரின் ஐயம் எளிதில் விழவில்லை என்பது மற்றொரு காரணம்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதில் விருந்தினருக்கும் வீட்டாருக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது. சீருடைப் படைவீரர் என்று மெய்ப்பித்துக்கொண்ட விமானிக்கு 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பை வழங்கியது. சாதாரண உடையில் பிடிபட்டதால் அவர் கொடிய விசாரணைக்கு உள்ளாகலாம்; எனினும் இறுதியில் போர்க்கைதி முகாமுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. வீட்டாருக்கு அத்தகைய சட்டம் எதுவுமில்லை. பிரான்சில் ஜெர்மானியப் படைத்தலைமை 1941 செப்டம்பர் 22 நாளிட்டு ஓர் அறிவிப்பைச் சுவர்களில் ஒட்டியது. எதிரி விமானிகளுக்கு உதவும் ஆண்கள் உடனடியாகச் சுடப்படுவர், பெண்கள் ஜெர்மனியிலுள்ள வதைமுகாம்களுக்கு அனுப்பப்படுவர் என்று அது எச்சரித்தது. காட்டிக்கொடுப்போருக்குப் 10,000 பிராங்க் வரை பரிசும் உண்டு என்றது. கதவைத் திறந்த ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத் தெரிந்தே திறந்தார்கள்.

1942 நவம்பரில் பிரசல்சின் மரேஷால் குடும்பத்திற்கு நேர்ந்தது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க விமானிகள் என்று சொல்லிக்கொண்டு இருவர் அவர்கள் வீட்டிற்கு அனுப்பப்பட்டனர். ஆங்கிலேயரான இல்லத்தலைவிக்கு அவர்களின் பேச்சு இயல்பாகத் தோன்றவில்லை. ஐயத்தைத் தெளிவித்துக்கொள்ள நேரம் கிடைப்பதற்குள் அவர்கள் தம்மை ஜெர்மானியக் காவலர் என்று வெளிப்படுத்திக்கொண்டனர். தந்தை, தாய், மகள் மூவரும் கைதாயினர். அடுத்த சில நாட்களில் பெல்ஜியம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். தந்தை ழார்ழ் மரேஷால் 1943 அக்டோபர் 20 அன்று, எடித் கேவல் சுடப்பட்ட அதே சுடுதளத்தில், கோமெட் தோழர்கள் பலருடன் சுட்டுக்கொல்லப்பட்டார். தாயும் மகளும் ராவென்ஸ்பிரூக் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் உயிரோடு மீண்டனர்.

தெற்கே இருந்த வீடுகள்

பிரசல்சிலிருந்து பாரிஸ், பாரிசிலிருந்து இரவு இரயிலில் பயோன் அல்லது சேன்-ழான்-த-லூஸ் என்று பயணம் நீளும். தென்முனையில் பொறுப்பேற்றவர் எல்வீர் த கிரேஃப். 1940இல் பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்து, பயோனை அடுத்த ஆங்லேயில் குடும்பத்தோடு தங்கியவர் இவர். அமைப்பில் இவரது பெயர் ‘தாந்த் கோ’. ‘கோ அத்தை’ என்று சொல்லலாம். கணவர் ஃபெர்னான் ஜெர்மானியப் படை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். எதிரியின் அலுவலகத்தில் அமர்ந்திருந்த அவருக்கு வெற்று அடையாளச் சீட்டுகளும் முத்திரைகளும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. பதின்வயது மகள் ழானின் விமானிகளை இரயிலில் அழைத்துவரும் பணியைச் செய்தார். கள்ளச்சந்தையில் எல்வீருக்கு இருந்த தொடர்புகள் உணவுக்கும் உதவின, சில வேளைகளில் அதிகாரிகளின் வாயை அடைக்கவும் உதவின.

சிபூரில் கத்தலின் அகிரே என்னும் விதவை தம் மகளோடு வாழ்ந்தார். மலைக்குப் புறப்படுமுன் பலர் தங்கிய வீடு அவருடையது. மலை வழிகாட்டிக்குச் செய்தி அனுப்புவதும் அவர் வழியாகவே நடந்தது. அந்த வழிகாட்டிதான் ஃபுளோரென்தினோ கோய்கோஎட்சேயா.

ஃபுளோரென்தினோ 1898இல் ஸ்பெயின் பகுதியிலுள்ள எர்னானியில் பிறந்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பின் எல்லையைக் கடந்து பிரான்சில் குடியேறினார். தொழில், எல்லை கடந்து சரக்குக் கடத்துவது. பேசிய மொழி பாஸ்க், பிரெஞ்சு அரைகுறை, ஆங்கிலம் அறவே இல்லை. அவர் பின்னால் நடந்தவர்களுக்கோ பாஸ்க் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவு மெய்ப்பிக்கப்படாத தனிமொழி அது. மலையில் அதனால் இழப்பு ஒன்றுமில்லை. இருட்டில் எப்படியும் பேசக்கூடாது.

கடத்தலுக்குப் பாஸ்க் மொழியில் ‘கௌலான்’ என்று ஒரு சொல் உண்டு. ‘கௌ’ இரவு, ‘லான்’ வேலை. ஆக, ‘இரவு வேலை’. தமிழில் கள்ளக்கடத்தல், கள்ளத்தோணி, கள்ளச்சந்தை என்று ‘கள்ள’ என்னும் அடை ஒட்டிக்கொள்ளும். சொல்லிலேயே தீர்ப்பு இருக்கிறது. பாஸ்க் சொல்லில் நேரம் மட்டுமே இருக்கிறது, குற்றம் இல்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரான்சும் ஸ்பெயினும் 1659இல் பிதசோவா ஆற்றின் நடுவே உள்ள சிறு தீவில் உடன்படிக்கை செய்து, பிரனீசு மலையைத் தம் எல்லையாக்கின. இரு கரையிலும் ஒரே மொழி பேசி, உறவும் கொண்டாடிய மக்களுக்கு அந்தக் கோடு வெளியார் போட்ட கோடாகவே இருந்தது. அதைக் கடப்பது அவர்களுக்கு ஒரு பிழைப்பு. போர்க்காலத்தில் அந்தப் பிழைப்பறிவே உயிர்காக்கும் அறிவாயிற்று. வழிகாட்டிகளுக்குக் கூலி கொடுக்கப்பட்டது என்பதை மறைக்கத் தேவையில்லை. பிடிபட்டால் காத்திருந்த தண்டனைக்கு எந்தக் கூலியும் ஈடல்ல.

இரவு நடை

உருன்யாவை அடுத்த மலைச்சரிவில் பிதெகைன் பெரி என்னும் பண்ணைவீடு இருந்தது. பாஸ்க் நாட்டில் வீடுகளுக்குப் பெயர் உண்டு. குடும்பங்களே வீட்டின் பெயரால் அறியப்பட்டன. ‘கோய்கோஎட்சேயா’ என்றால் ‘மேல்வீடு’. நம்மூரில் ‘மேலவீட்டார்’ என்று சொல்வது போன்றதுதான். ‘பிதெகைன்’ என்பதில் ‘பிதே’ வழி, ‘கைன்’ மேற்பகுதி, ‘பெரி’ புதியது. பாதை மேட்டிலுள்ள புதுவீடு. அங்கே மூன்று குழந்தைகளோடு வாழ்ந்த விதவை ஃபிரான்ச்சியா உசாந்திசாகா, வந்தவர்களுக்குச் சூப்பும் பாலும் கொடுத்தார். நகரக் காலணிகளைக் கழற்றிவிட்டுச் சத்தமெழுப்பாத கயிற்றடிச் செருப்புகளை அவர்கள் அணிந்துகொண்டனர். இருட்டியதும் புறப்பாடு.

முன்னால் ஃபுளோரென்தினோ, பின்னால் விமானிகள் ஒருவர் பின் ஒருவராக. அந்த்ரேவும் பெரும்பாலும் உடன் வந்தார். மலைமுகட்டைத் தாண்டினால் கீழே பிதசோவா. மறுகரையில் ஆற்றையொட்டிச் சாலையும் இரயில் பாதையும் ஓடின. அங்கே ஸ்பானியக் காவலர் நடமாட்டம் உண்டு. கரையில் கால்சட்டையைக் கழற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பற்றி இறங்க வேண்டும். வறண்ட நாளில் இடுப்பளவு நீர். மழைக்குப் பின் ஆளை இழுத்துச்செல்லும் வெள்ளம். ஆறு பெருகியிருந்தால் தொலைவிலுள்ள பாலத்தைச் சுற்றிப் போக வேண்டும்; அது பல மணி நேரக் கூடுதல் நடை. ஆற்றைக் கடந்ததும் சாலையையும் தண்டவாளத்தையும் ஓட்டமாகத் தாண்டி, செங்குத்தான சரிவில் மீண்டும் ஏற்றம். பல வாரங்கள் அறைக்குள் அடைந்துகிடந்த, சிலர் காயம் ஆறாத, கால்களுக்கு இது கடுஞ்சோதனை. நடக்க முடியாமல் அமர்ந்துவிட்டவர்களை ஃபுளோரென்தினோ முதுகில் சுமந்ததும் உண்டு.

விடியும் வேளையில் சரோபே பண்ணைவீடு. அங்கே அடுப்பருகே உறக்கம், உணவு. பிறகு சான் செபஸ்தியான் நகரம். அங்கிருந்து பிரிட்டிஷ் தூதரகத்தின் வண்டி மாட்ரிட்டுக்கும், பின்னர் ஜிப்ரால்டருக்கும் கொண்டுசெல்லும். விமானி மீண்டும் இங்கிலாந்தில். அந்த்ரே மீண்டும் அதே ஆற்றைக் கடந்து பிரான்சுக்கு. விமானிகளுக்கு இந்த வழி ஒருமுறைப் பயணம். அழைத்துச்சென்றவர்களுக்கு அது ஓயாத போக்குவரத்து. அந்த்ரே தாமே நடத்திச்சென்றோர் 118 பேர் என்பர். ஃபுளோரென்தினோ வழிகாட்டிக் கடத்திய விமானிகள் 227 பேர்.

1943 ஜனவரி 15

அந்த மாதம் மழை விடவில்லை. பெல்ஜியத்திலும் பாரிசிலும் தேடப்பட்டுவந்த தந்தை ஃப்ரெதெரிக்கை இம்முறை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்றுவிடுவது அந்த்ரேவின் எண்ணம். மழையில் அறுபதை நெருங்கும் தந்தையால் மலையேற முடியாது என்று கண்டு அவரை நிறுத்திவிட்டு, மூன்று விமானிகளோடு பிதெகைன் பெரிக்குச் சென்றார். ஆறு பெருகியிருந்ததால் அன்றிரவு புறப்பட இயலவில்லை. ஃபுளோரென்தினோ தம் இருப்பிடம் திரும்பினார். மறுநாள் ஜெர்மானியர் வீட்டைச் சூழ்ந்தனர். யாரோ காட்டிக்கொடுத்திருந்தனர். அந்த்ரே, ஃபிரான்ச்சியா, மூன்று விமானிகள் என ஐவரும் கைதாயினர்.

விசாரணை தந்தையை நெருங்குகிறது என்று உணர்ந்ததும் அந்த்ரே, இந்த வழித்தடத்தின் தலைவர் தாமே என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு அப்போது வயது 26. விசாரித்தவர்கள் அதை நம்ப மறுத்தனர். இவ்வளவு பெரிய அமைப்பின் தலைமை ஓர் இளம்பெண்ணிடம் இருக்க முடியாது என்று அவர்கள் கருதினர். அந்தக் கருத்தே அவரைச் சுடுதளத்திலிருந்து காத்தது. அவர் ராவென்ஸ்பிரூக், மவுத்தவுசென் முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, 1945இல் உடல் நலிந்து மீண்டார்.

ஃபிரான்ச்சியா மீளவில்லை. 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது, ராவென்ஸ்பிரூக்கில் இறந்தார். மூன்று குழந்தைகளின் தாய் அவர்; செய்த குற்றம் சூப் கொடுத்ததும் தொழுவத்தில் இடம் கொடுத்ததும்.

தந்தை ஃப்ரெதெரிக் பாரிசுக்குத் திரும்பிப் பணியைத் தொடர்ந்தார். 1943 ஜூனில், அமைப்புக்குள் ஊடுருவிய ஒருவனால் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார்; 1944 மார்ச் 28 அன்று பாரிசை அடுத்த மோன்-வலேரியன் கோட்டையில் சுடப்பட்டார். அறிவிப்பு சொன்னபடியே நடந்தது: தந்தைக்குத் துப்பாக்கி, மகளுக்கு முகாம்.

இங்கே மற்றொரு ‘இரவு’ச் சொல்லையும் நினைவுகூர வேண்டும். 1941 டிசம்பரில் ஜெர்மானியத் தலைமை பிறப்பித்த ஓர் ஆணைக்கு ‘இரவும் மூடுபனியும்’ என்று பெயர். மேற்கு ஐரோப்பாவின் எதிர்ப்பாளர்களைச் சுவடின்றி மறையச் செய்வது அதன் நோக்கம். எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று குடும்பத்திற்குத் தெரிவிக்கப்படாது. ஓர் இரவு ஆட்களைக் காப்பாற்றி அனுப்பியது. மற்றோர் இரவு அனுப்பியவர்களை விழுங்கியது.

ஆறு கொண்ட உயிர்கள்

இத்தனைக்குப் பின்னும் வழி மூடப்படவில்லை. பெரும் கைதுகளுக்குப் பின் ஒவ்வொரு முறையும் புதியவர்கள் பொறுப்பேற்றனர். பண்ணைவீடுகள் மாறின, பாதைகள் மாறின. அந்த்ரேவுக்குப் பின் தெற்கில் பொறுப்பேற்ற ழான்-பிரான்சுவா நொதோம் 1944 ஜனவரியில் கைதாகும்வரை பணியைத் தொடர்ந்தார்.

1943 டிசம்பர் 23 இரவு ஒரு குழு ஆற்றில் இறங்கியது. அதில் இருந்தவர்களுள் ஒருவர் அந்துவான் துர்செல். பிரசல்சில் கோமெட்டை நடத்தியவர், தேடுதல் நெருங்கியதால் தாமும் தப்பிச் சென்றுகொண்டிருந்தார். மற்றொருவர் அமெரிக்க விமானி ஜேம்ஸ் பர்ச். இருவரையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. ஒருவர் விருந்தினர், ஒருவர் வீட்டார். ஆற்றுக்கு அந்த வேறுபாடு இல்லை. நடைபயணிகள் இன்றும் ஆற்றங்கரையில் அவர்களை நினைவுகூர்கின்றனர்.

1944 ஜூன் தொடக்கத்தில் கடைசி விமானிகள் எல்லையைக் கடந்தனர். நார்மண்டித் தரையிறக்கத்திற்குப் பின் இரயில் பாதைகள் சிதைந்துவிட்டதால், விமானிகளைக் காடுகளில் முகாமிட்டு மறைத்துவைக்கும் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. ஜூலை 26 அன்று ஆவணங்களோடு ஸ்பெயினிலிருந்து திரும்பிய ஃபுளோரென்தினோ, ஜெர்மானியக் காவலரின் குண்டுபட்டு வீழ்ந்தார். பிடிபடுமுன் ஆவணங்களை மறைத்துவிட்டார். பயோன் மருத்துவமனையில் காவலில் கிடந்தவரை, மறுநாள் ஃபெர்னான் த கிரேஃபும் தோழர்களும் ஜெர்மானியக் காவல் அதிகாரிகள்போல் நடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டனர். எதிரியின் மொழியை நாள்தோறும் அவர்கள் அலுவலகத்திலேயே பேசிவந்தவரின் திறமை அன்று முழுப்பயன் தந்தது.

யாருடைய வழி?

கோமெட்டில் ஏறக்குறைய 3,000 பேர் பங்கெடுத்தனர் என்றும், அவர்களில் ஏறக்குறைய 700 பேர் கைதாயினர் என்றும், 290 பேர் வரை சுடப்பட்டோ சிறையிலும் முகாமிலும் மாண்டோ போயினர் என்றும் கணக்கிடப்படுகிறது. மலையைக் கடந்த விமானிகள் 288 பேர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உள்ளம் ஒரு கணம் திகைக்கும். ஏறத்தாழ ஓர் உயிருக்கு ஓர் உயிர். மலை கடக்காமல் முகாம்களிலும் வீடுகளிலும் காப்பாற்றப்பட்டோரையும் சேர்த்தால் கோமெட்டின் உதவி பெற்றவர்கள் சுமார் 800 பேர். ஆகவே இதை நேர்க்கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் ஒவ்வொரு விமானிக்குப் பின்னும் எத்தனை பேர் தம்மைப் பணயம் வைத்தனர் என்பதை அந்த எண்கள் உணர்த்துகின்றன. பணயம் வைத்தவர்களில் பலர், தாம் காத்தவரின் முழுப்பெயரைக்கூட அறிந்திருக்கவில்லை.

போருக்குப் பின் விருதுகள் வந்தன. அந்த்ரேவும் ஃபுளோரென்தினோவும் பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் பெற்றனர். விருது வாங்கச் சென்ற ஃபுளோரென்தினோவிடம் என்ன தொழில் என்று மன்னர் கேட்டாராம். ‘ஏற்றுமதி இறக்குமதி’ என்று அவர் விடை சொன்னதாக ஒரு கதை அந்தப் பக்கத்தில் வழங்குகிறது. அந்த்ரே செவிலியாகி, ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் தொழுநோயாளரிடையே பணியாற்றினார், 2007இல் காலமானார். காப்பாற்றுவது அவருக்குப் போர்க்காலக் கடமை மட்டுமன்று என்பதை அந்த நீண்ட பிற்கால வாழ்க்கை காட்டுகிறது. ஃபுளோரென்தினோவும் கத்தலினும் சிபூர் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகின்றனர்.

பிதசோவா இன்னும் எல்லையாகவே இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை பெரும்பாலும் நீங்கிய பின்னும், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் அகதிகளைத் தடுக்கும் காவல் இப்பகுதியில் தொடர்கிறது. 2021இல் இந்த ஆற்றை நீந்திக் கடக்க முயன்று இளைஞர்கள் சிலர் மூழ்கி இறந்தனர். அவர்கள் சென்ற திசை எதிர்த்திசை, ஸ்பெயினிலிருந்து பிரான்சுக்கு. காலமும் காரணமும் வேறு. ஒரு சூழ்நிலையை மற்றொன்றோடு சமன்படுத்துவது வரலாறு ஆகாது. ஆனால் கரையில் நின்று 1943இல் மூழ்கிய இருவருக்காகத் தலைவணங்கும் எவரும், அண்மையில் மூழ்கியவர்களை நினையாமல் அங்கிருந்து நகர்வது கடினம்.

நினைவுச் சின்னங்கள் பொதுவாகப் போர்க்களத்தில் எழும்பும். இந்த வழியில் போர்க்களம் என்று ஒன்று இல்லை. ஒரு துறைமுக நகரத்து இரயில் நிலையம், ஒரு விதவையின் வீடு, மலைச்சரிவில் ஒரு பண்ணை, ஓர் ஆறு, மறுகரையில் மற்றொரு பண்ணை. அவ்வளவுதான். தட்டப்பட்ட கதவு திறந்தது என்பதே இங்கே நடந்த நிகழ்ச்சி. அதைத் திறந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. செப்டம்பர் நடைப்பயணத்தில் பிதெகைன் பெரிக்கு வந்து சேர்பவர்கள் ஃபிரான்ச்சியாவின் பெயரைச் சொல்லிச் சற்று நேரம் நிற்கிறார்கள். பிறகு அங்கிருந்து மலையேறுகிறார்கள், அந்த வீட்டுக்காரி ஒருநாளும் தப்பிச்செல்லப் பயன்படுத்தாத பாதையில்.